டாக்டர் சொன்ன உணவைப் பூனை தொடவில்லையா? எப்படித் தொடவில்லை என்று பாருங்கள்

டாக்டர் எழுதிக் கொடுத்த உணவை வாங்கி வந்து கிண்ணத்தில் போட்டு வைத்தீர்கள். பூனை வந்தது. மோந்தது. உங்களை ஒரு பார்வை பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இதை நாம் ‘அடம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். ஆனால் பூனையின் மறுப்பில் பல ரகம் உண்டு. கிட்டே வராமலே மறுப்பது ஒன்று, மோந்துவிட்டு மறுப்பது இன்னொன்று, நாலு நாள் ஒழுங்காகத் தின்றுவிட்டு ஐந்தாம் நாள் மறுப்பது வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. என் சுந்தரிக்கு 13 வயதில் கிட்னி உணவு எழுதிக் கொடுத்தார்கள். அவள் முக்கால் பங்குவரை அதற்கு மாற ஏழு வாரம் ஆயிற்று. அதில் பாதி நான் வீணடித்தது. அவள் எப்படி மறுக்கிறாள் என்று பார்க்காமல், எப்படியாவது ஊட்டிவிட வேண்டும் என்று நின்றதால் வந்த வினை.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் பகுதியை மட்டும் கட்டாயம் படியுங்கள். பிறகு உங்கள் பூனை செய்வது எதுவோ அங்கே போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: கடைசியாக எப்போது சாப்பிட்டது?

“ரெண்டு நாள் பட்டினி போடு, பசி வந்தா பத்தும் பறக்கும்” என்று யாராவது சொல்வார்கள். பூனை விஷயத்தில் இந்தப் பழமொழி எடுபடாது. இன்னொன்று இருக்கிறதே, புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று, அதுதான் இங்கே சரி. பூனை பட்டினி கிடக்கும்போது அதன் உடம்பு சேமித்து வைத்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவு கொழுப்பையும் பூனையின் கல்லீரலால் சமாளிக்க முடியாமல் அங்கேயே தேங்கிவிடும். சில நாள் பட்டினியே போதும். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளடித்த பிறகு கண்டுபிடித்தால், வாரக்கணக்கில் குழாய் வழியாக உணவு கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கும்.

அதனால் 24 மணி நேரமாக ஒரு வாய்கூடத் தின்னாத பூனைக்கு உடனே டாக்டரிடம் பேசுங்கள். குட்டி என்றால் அதில் பாதி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வழக்கமாகத் தின்பதில் பாதிகூட இறங்காமல் இரண்டு மூன்று நாள் ஓடினாலும் அதேதான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனை ஒரு வேளை உணவை விட்டாலே, அடுத்த ஊசிக்கு முன் போன் செய்து கேளுங்கள். ஆண் பூனை லிட்டர் பெட்டிக்கு (மணல் போட்ட கழிப்பெட்டி) போய்ப் போய் முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடைப்பு மணிக்கணக்கில் உயிரை எடுக்கும்.

இதிலிருந்தே அடுத்த விதியும் வருகிறது: புது உணவைப் பூனை முழுதாக ஏற்கும்வரை பழைய உணவை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். நோய் எதுவானாலும், சரியான உணவைத் தின்னாமல் கிடப்பதைவிடத் தப்பான உணவைத் தின்பது மேல். சில நோய்களில் மாற்றம் அவசரம் என்று டாக்டரே சொல்லலாம். அப்போது எத்தனை நாளில் மாற்ற வேண்டும் என்று எண்ணிக்கையாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆசையாக ஓடி வருகிறது, மோந்ததும் உதட்டை நக்கிக்கொண்டு விலகுகிறது

இது அடம் இல்லை. குமட்டல்.

பசி இருக்கிறது, அதனால்தான் ஓடி வருகிறது. மணம் மூக்கில் ஏறியதும் வயிறு புரட்டுகிறது. கூர்ந்து பாருங்கள்: எச்சிலை விழுங்கும், நாக்கு மேலுதட்டைச் சுற்றி வரும், சில பூனைக்கு வாயோரம் ஈரம் தெரியும். சுந்தரி கிண்ணத்தின் முன்னால் பதுங்கி உட்கார்ந்து, முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அதைக் கோபம் என்று நினைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பழைய உணவை வைத்தாலும் அதே சுவரைத்தான் பார்க்கிறாள் என்று ஒரு நாள் உறைத்தது. சோதனை அவ்வளவுதான்: பிடித்த பழைய உணவுக்கும் இதையே செய்தால் சிக்கல் புது உணவில் இல்லை.

கிட்னி, கல்லீரல், கணையம், குடல் என்று எதில் கோளாறு வந்தாலும் குமட்டல் கூடவே வரும். சிறப்பு உணவு எழுதிக் கொடுக்கப்படும் பூனைகளில் பல இந்த நிலையில்தான் இருக்கும். டாக்டரிடம் “சாப்பிட மாட்டேங்குது” என்று மட்டும் சொல்லாமல், அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்துக் காட்டுங்கள். குமட்டலுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அது அடங்கிய பிறகு புது உணவைத் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

ஏன் காத்திருக்க வேண்டும்? சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பது சும்மா வந்த சொல்லில்லை. வயிறு புரட்டும்போது எந்த உணவு முன்னால் இருந்ததோ, அந்த உணவுதான் புரட்டலுக்குக் காரணம் என்று பூனை முடிவு கட்டிவிடும். உடம்பு தேறிய பிறகும் அந்த முடிவு எளிதில் மாறாது. மருத்துவமனைக் கூண்டில், ஊசியும் பயமுமாகக் கிடக்கும்போது புது உணவை முதன்முதலாக அறிமுகப்படுத்தினாலும் இதே கதிதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பழைய உணவைத் தின்று நிதானத்துக்கு வரட்டும்.

வாயில் எடுக்கிறது, நழுவ விடுகிறது

பல் அல்லது ஈறு. தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லுவது, தாடை நடுங்குவது, கிண்ணத்தைப் பார்த்து உறுமிவிட்டு ஓடுவது, வாய் நாற்றம் எல்லாம் இதன் கூட்டாளிகள். பூனைக்குப் பல் வேரோரமாக அரித்துப்போகும் நோய் சகஜம். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, வலி மட்டும் உயிர் போகும். வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கூழான உணவு. இதில் வீட்டில் செய்ய வேறு எதுவும் இல்லை.

மோந்துவிட்டு, மலத்தை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டுகிறது

பார்க்கிறவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் கொஞ்சம் தின்றுவிட்டுப் பிறாண்டினால் அவமதிப்பு ஒன்றுமில்லை, மீதியைப் புதைத்து வைக்கும் பழைய காட்டுப் பழக்கம், அவ்வளவே. ஒரு வாய்கூட வைக்காமல் பிறாண்டினால்தான் விஷயம்: இது உணவு என்றே அதற்குத் தெரியவில்லை.

இங்கேதான் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது.

முதலில் வடிவம். குட்டியிலிருந்து உலர் உருண்டையை நொறுக்கி வளர்ந்த பூனைக்குக் கூழ் என்பது உணவே இல்லை. நேர்மாறாகவும் அப்படியே. மருந்துணவு என்றதும் பலர் செய்யும் தவறு, உணவையும் வடிவத்தையும் ஒரே நாளில் மாற்றுவது. உலர் தின்கிற பூனைக்கு முதலில் உலர் மருந்துணவு. ஈரத்துக்கு மாற வேண்டும் என்றால் அது அடுத்த கட்டம். ஒரே நோய்க்கான உணவை வெவ்வேறு நிறுவனங்கள் உருண்டையாக, வழவழப்பான கூழாக, குழம்பில் மிதக்கும் துண்டாக எனப் பலவிதமாகச் செய்கின்றன. ஒன்று பிடிக்கவில்லை என்றால் அந்த நோய்க்கான உணவு எதுவுமே பிடிக்காது என்று அர்த்தமில்லை. முதல் முறையே பெரிய பை வாங்காதீர்கள். மாதிரிப் பொட்டலம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்தது மணம். பூனை நாக்கால் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மூக்கால் முடிவெடுத்துவிடுகிறது. இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கான மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-ல் கண்டறிந்தார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கூழுக்கு மணமே கிடையாது. அதை 37, 38 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், கிட்டத்தட்டப் பூனையின் உடம்புச் சூடு. பிரிக்காத பொட்டலமானால் வெந்நீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் போட்டு வைக்கலாம். தட்டில் எடுத்ததானால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைக்கலாம். மைக்ரோவேவ் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கங்கே மட்டும் கொதித்துக் கிடக்கும். கிளறிவிட்டு, குழந்தையின் பால் சூடு பார்ப்பதுபோல் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு தடவை நாக்கைச் சுட்டுக்கொண்டால் அந்த உணவுக்கும் உங்களுக்கும் சேர்த்துத் தலைமுழுகிவிடும்.

பாத்திரம் அகலமான தட்டாக இருக்கட்டும். லிட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாடு வைப்பது நமக்கே உவப்பாக இருக்காது, அதற்கு மட்டும் இருக்குமா?

இனி அறிமுகம். பை மேலே போட்டிருக்கும் ‘7 நாளில் மாற்றுங்கள், முதல் இரண்டு நாள் கால் பங்கு’ என்ற கணக்கு, எதையும் தின்னும் பூனைக்கு. தேர்ந்தெடுத்துத் தின்னும் பூனைக்கு அது ஓட்டப்பந்தயம். மூன்று நான்கு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கலப்பதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறோம்: இரண்டு தட்டு. ஒன்றில் வழக்கமான உணவு, கொஞ்சம் குறைவாக. ஒரு முழம் தள்ளி இன்னொரு தட்டில் புது உணவு ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான், கெஞ்சல் வேண்டாம், கையில் எடுத்து மூக்கில் தேய்க்க வேண்டாம். அரை மணி கழித்துத் தொடாததை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை புதிதாக ஒரு தேக்கரண்டி. ஐந்தாறு நாளில் அந்த மணம் வீட்டு மணமாகிவிடும். சுந்தரி ஒன்பதாம் நாள் தன் தட்டை முடித்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்துத் தட்டை இரண்டு நக்கு நக்கினாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்த எனக்கு மூச்சே நின்றது.

நக்கியதற்குப் பிறகுதான் கலப்பு. பழையதில் நூற்றுக்கு ஐந்து பங்கு. மூன்று நாள் முழுதாக முடித்தால் பத்து. எங்காவது மிச்சம் வைக்கத் தொடங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்பி நாலு நாள் அங்கேயே நில்லுங்கள்.

நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருக்கும் வீட்டில் இது எதுவும் நடக்காது. பசியே எடுக்காத பூனைக்குப் புதியதைச் சோதித்துப் பார்க்க என்ன அவசியம்? பட்டினி போடாமல் பசியெடுக்க வைக்க வழி, வேளை வகுப்பது. நாளுக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு அரை மணி.

கலந்து வைத்தால் பழையதை மட்டும் பொறுக்கித் தின்கிறது

உலர் உருண்டைகளை இருட்டில்கூடப் பிரித்தெடுக்கும் திறமைசாலிகள் உண்டு. பழைய உருண்டையில் ஒரு கைப்பிடியை மிக்ஸியில் பொடித்து, புது உருண்டையோடு ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி ஒரு ராத்திரி மூடி வையுங்கள். பொடி ஒட்டிக்கொள்ளும், மணமும் ஏறும். கூழாக இருந்தால் முள்கரண்டியால் நன்றாக மசித்துவிடுங்கள், பொறுக்க எதுவும் இருக்காது.

ஆனால் கலந்ததையே மொத்தமாக ஒதுக்கினால் அன்றைக்கே கலப்பை நிறுத்துங்கள். தொடர்ந்தால் பழைய உணவின் மீதும் சந்தேகம் வந்துவிடும். அப்புறம் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

நாலு நாள் நன்றாகத் தின்றது, திடீரென்று நிறுத்திவிட்டது

நான் சறுக்கிய இடம். சுந்தரி கால் பங்குவரை வந்துவிட்டாள். அந்தத் தெம்பில் அவளுடைய மாத்திரையைப் பொடித்து அதிலேயே கலந்துவிட்டேன். ஒரே ஒரு வேளை. கசப்பு தெரிந்துவிட்டது. இரண்டு தட்டுக் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மருந்தை எதில் வேண்டுமானாலும் ஒளியுங்கள், வாழ்நாள் முழுக்கத் தின்ன வேண்டிய உணவில் மட்டும் ஒளிக்காதீர்கள்.

மருந்து கலக்கவில்லை என்றால் வேறு மூன்றைப் பாருங்கள். திறந்த டின் ஃப்ரிட்ஜில் எத்தனை நாளாக இருக்கிறது? இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் உங்களுக்கு நன்றாக இருக்கும், பூனைக்கு இருக்காது. உலர் உணவானால் பையைப் பிரித்து எத்தனை வாரமாயிற்று? அதிலுள்ள கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். டப்பாவில் கொட்டாமல் அந்தப் பையோடு இறுகக் கட்டி, ஆறு வாரத்துக்குள் தீரும் அளவே வாங்குங்கள். மூன்றாவது, அந்த நாலு நாளில் வாந்தி எடுத்ததா? எடுத்திருந்தால் மேலே உள்ள குமட்டல் பகுதிக்குப் போங்கள்.

இது எதுவுமில்லை, வெறும் சலிப்பு என்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். அதே வகையில் இன்னொரு சுவையையும் மாற்றி மாற்றி வைத்தால் போதும்.

குழம்பை நக்கிவிட்டுத் துண்டை விடுகிறது

மசித்துவிடுங்கள்.

மேலே ஏதாவது தூவினால்தான் தொடுகிறது

தூவலாமா என்பது பூனையைப் பொறுத்ததில்லை, நோயைப் பொறுத்தது. இதில் அசட்டை காட்டினால் அத்தனை பாடும் வீண்.

கிட்னி உணவில் முக்கியமாகக் குறைத்திருப்பது பாஸ்பரஸ் என்ற தாதுவை. உப்புச் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் சாற்றில் ஒரு கரண்டி விட்டால் பெரிய நஷ்டமில்லை என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். அதே கரண்டி நாளடைவில் கால் கிண்ண இறைச்சியாக வளர்ந்தால் பாஸ்பரஸ் பழையபடி ஏறிவிடும். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத் தரும் உணவில் ஒரு துணுக்குகூடக் கூடாது. அந்தச் சோதனை பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஓடும். நடுவில் ஒரு நாள் விழுந்த ஒரு துண்டு மீன் முடிவையே குழப்பிவிடும். சுவை சேர்த்த மாத்திரையும் அதில் அடக்கம். தைராய்டுக்கான அயோடின் குறைந்த உணவும் அப்படித்தான், வேறெதுவும் உள்ளே போகாதவரைதான் வேலை செய்யும். சிறுநீரில் படிகம் கரைக்கும் உணவில் தாதுக்களின் அளவும் சிறுநீரின் அமிலத்தன்மையும் கணக்குப் பண்ணி வைத்தவை. வெறும் வெந்நீர் தாராளமாகச் சேர்க்கலாம், நல்லதுகூட. சர்க்கரை நோய்ப் பூனைக்குத் தூவலைவிடப் பெரிய விஷயம் ஒன்று: மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாறும்போது இன்சுலின் தேவையே குறைந்து, பழைய அளவு ஊசி சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடலாம். டாக்டருக்குத் தெரியாமல் மாற்றவே கூடாது.

எந்த நோயானாலும் வெங்காயம், பூண்டு பட்ட சாறு வேண்டாம். பூனையின் சிவப்பணுக்களை அவை உடைக்கும். நமக்கு வைத்த குழம்பிலிருந்து ஒரு கரண்டி எடுக்கும் கையை அடக்கிக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்துத் தூவினால், உணவுக்குள் கலக்காமல் மேலே மட்டும் தூவி, வாராவாரம் ஒரு சிட்டிகை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

தின்கிறது, ஆனால் எடை இறங்குகிறது

அளவுக் கணக்கைப் பாருங்கள். 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி வேண்டும். உலர் உணவு 100 கிராமில் 350 முதல் 400 வரை இருக்கும், ஈர உணவில் 100-ஐ ஒட்டித்தான். அதாவது 50 கிராம் உருண்டை செய்த வேலைக்குக் கூழ் 200 கிராம் தேவை. ‘வழக்கம்போல் ரெண்டு ஸ்பூன்’ என்று வைத்துக்கொண்டிருந்தால் பூனை உங்கள் கண் முன்னாலேயே பட்டினி கிடக்கும். துல்லியமான எண் பையின் பின்னால் இருக்கும்.

வாரம் ஒருமுறை எடை போடுங்கள். ஆளும் பூனையுமாக ஏறி நின்று கழிக்கும் முறையில் 100 கிராம் தெரியாது. குழந்தை எடை போடும் கருவி, அல்லது தாங்குமானால் சமையலறைத் தராசின் மேல் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டியைப் பார்த்தால் அதுவே ஏறி உட்காரும். 4 கிலோவில் 200 கிராம் போனால் அது நூற்றுக்கு ஐந்து. மனிதக் கணக்கில் 60 கிலோ ஆள் 3 கிலோ இளைத்த மாதிரி, அசட்டையாக விடக் கூடாது. எடை குறைப்பதற்காகவே தரும் உணவானாலும் வாரத்துக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் இறங்க வேண்டாம்.

தன்னுடையதை விட்டுவிட்டு மற்ற பூனையின் கிண்ணத்துக்குப் போகிறது

வேளை வகுத்து, கதவைச் சாத்தி, தனித்தனி அறை. வேறு தந்திரம் நான் பார்த்ததில்லை. சிப் வைத்த பூனைக்கு மட்டும் திறக்கும் தானியங்கிக் கிண்ணங்கள் இருக்கின்றன, எங்கள் இளைய பூனை குண்டன் சுந்தரியின் முதுகுக்குப் பின்னாலேயே தலையை நுழைத்துவிடுவான் என்பதால் எனக்கு உதவாது என்று விட்டுவிட்டேன். உடம்பு நன்றாக உள்ள வளர்ந்த பூனை கிட்னி உணவை எப்போதாவது திருடித் தின்றால் பதற வேண்டாம். வளரும் குட்டிக்கு அது ஆகாது.

எதற்கும் மசியவில்லை

மூன்று வடிவம், இரண்டு மூன்று நிறுவனம், ஆறு எட்டு வாரம். இவ்வளவும் பார்த்தாயிற்று என்றால் டாக்டரிடம் போய் உட்கார்ந்து, “இது நடக்காது, வேறென்ன வழி?” என்று நேராகக் கேளுங்கள். திட்ட மாட்டார்கள். வழிகள் இருக்கின்றன. பசியைத் தூண்டும் மருந்து உண்டு, மிர்டாசபின் காதின் உட்புறம் தடவும் களிம்பாகவே வருகிறது. கிட்னிப் பூனைக்குச் சாதாரண உணவோடு பாஸ்பரஸைக் கட்டிப்போடும் மருந்தைச் சேர்க்கலாம். முதியோர் பூனைக்கான சாதாரண உணவுகளிலேயே பாஸ்பரஸ் குறைந்ததைத் தேடலாம். தைராய்டுக்கு மாத்திரை, அறுவை, கதிரியக்க அயோடின் என மூன்று மாற்று. வீட்டில் சமைத்துப் போடுவதானால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் அந்தப் பூனைக்கென்று எழுதித் தந்த அளவுப்படி மட்டும். இறைச்சியை வேகவைத்துப் போடுவதற்கு மருந்துணவு என்று பெயரில்லை. பாதி மருந்துணவு, பாதி பழையது என்ற இடத்தில் நின்றுவிட்டாலும் அதைச் சொல்லுங்கள், அந்தக் கணக்கை வைத்து மருந்தைச் சரிசெய்வார்கள்.

போகும்போது எடைகளைத் தேதியோடு எழுதிய தாள், தின்றது எவ்வளவு என்ற குறிப்பு, அந்த அரை நிமிட வீடியோ, மூன்றையும் எடுத்துப் போங்கள். சுந்தரி முக்கால் பங்கில் நின்றுவிட்டாள். மீதிக் கால் பங்குக்குப் பாஸ்பரஸைக் கட்டிப்போடும் பொடி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். அதை அவள் பழைய உணவில்தான் கலக்கிறேன்.